பிரசவத் தையலும் ஒரு கேட் பாஸும்

ஷூ கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் எனக்குத் தைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை, பயப்படத்தான் கற்றுக்கொடுத்தார்கள். துணியில் தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் அது நடக்காது. ஊசி ஒரு தடவை இறங்கினால் ஓட்டை விழுந்தது விழுந்ததுதான். நூலை உருவி எடுத்தாலும் ஓட்டை அப்படியே நிற்கும், அந்தத் துண்டு ரிஜெக்ட் கூடைக்குப் போகும். "துணின்னு நெனச்சுக்காத. இதுல ஒரு ஊசி தப்பா போச்சுன்னா பீஸே போச்சு" என்று எங்கள் லைன் சூப்பர்வைசர் ஒவ்வொரு புதுப் பெண்ணிடமும் சொல்வார். ஆம்பூரில் அந்தக் காலத்தில் என்னைப் போல ஆயிரக்கணக்கான பெண்கள் ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் இந்தப் பாடம் மனப்பாடம்.

அந்தப் பாடத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன். இதையெல்லாமா எழுதுவார்கள் என்று கேட்பவர்கள் இப்போதே புத்தகத்தை மூடிவிடலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பெண் பிறந்தாள். ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பிரசவம். குழந்தை வெளியே வரக் கீழே வெட்டினார்கள், பிறகு தைத்தார்கள். வெட்டப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. தைத்து முடித்ததும் அந்த டாக்டர், அவரும் ஒரு பெண்தான், கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஒரு தையல் ஜாஸ்தியா போட்டிருக்கேன். உன் வீட்டுக்காரர் எனக்கு தேங்க்ஸ் சொல்வாரு." பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். காலைத் தூக்கிக் கட்டிவைத்த நிலையில், பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று மரியாதைக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என் மேலேயே எனக்கு ரொம்ப வருடம் கோபம் இருந்தது.

அளவுக்கு மேல் இழுத்துத் தைத்தால் எதுவானாலும் சுருங்கும். அது எனக்குத் தொழில். தையல் சீழ் பிடித்தது, பிறகு ஆறியது. ஆறிய இடத்தில் கயிறு போலத் தடித்து ஒரு கெட்டி நின்றுவிட்டது. நேராக உட்கார்ந்தால் அது அழுத்தி, உயிர் போகிற வலி வரும். கணவரோடு சேர்ந்திருப்பது பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கிற வேலையாகிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை, வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று சொல்கிறவளாக இருப்பது எனக்குத்தான் கேவலமாக இருந்தது.

நர்சிங் ஹோமுக்குத் திரும்பப் போனேன். அதே டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆறிடுச்சே, நல்லாத்தான இருக்கு? இன்னொண்ணு பெத்துக்கோ, லூசாயிடும்" என்றார். வலிக்கு மருந்து இன்னொரு பிரசவம். மாமியாரிடம் சொன்னேன். "எல்லா பொம்பளைக்கும் இப்படித்தாம்மா" என்றார். இந்த வாக்கியத்தைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லோருக்கும் இருக்கிறது என்றால் அது பெரிய பிரச்சினை என்றுதானே அர்த்தம்? எங்கள் ஊரில் மட்டும் அதற்கு, வாயை மூடு என்று அர்த்தம்.

மூன்று மாத லீவு முடிந்து மெஷினுக்குத் திரும்பினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை இரும்பு ஸ்டூல். இடது தொடையில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து உட்காரப் பழகினேன். "நேரா உக்காரும்மா, தையல் கோணும்" என்று சூப்பர்வைசர் தினமும் சொல்வார். கோணவில்லை. முதுகு கோணியது, தையல் கோணவில்லை. ஒரு நாள் கூட என் பீஸ் ரிஜெக்ட் ஆனதில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

எனக்கு அடுத்த இடத்தில் ஓரம் சீவுகிற மெஷினில் ஓர் அக்கா இருந்தார். தோலின் விளிம்பை மடிக்கத் தோதாக மெலிசாகச் சீவுவது அவர் வேலை. நான்கு பிள்ளை பெற்றவர். நான் உட்காரும் விதத்தைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு மத்தியான இடைவேளையில் ஷூவின் கழுத்துப் பட்டைக்கு வைக்கிற ஃபோம் கழிவையும் லைனிங் துண்டையும் கொண்டுவந்து என் மடியில் போட்டார். "நடுவுல ஓட்டை வெச்சு தெச்சுக்கோடி" என்றார். அட்டையில் வட்டம் போட்டு வெட்டினேன். அவர் ஓரம் சீவிக் கொடுத்தார். மடித்து இரட்டைத் தையல் போட்டேன். வளையமாக, நடுவில் ஓட்டையோடு ஒரு மெத்தை. ஐரோப்பாவுக்குப் போன எந்த ஷூவிலும் நான் அவ்வளவு சுத்தமாகத் தைத்ததில்லை.

அதன் மேல் உட்கார்ந்தபோது இரண்டு வருடத்தில் முதல் முறையாக மூச்சை முழுசாக விட்டேன்.

மெத்தை மெஷினுக்கு அடியிலேயே இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் இருக்கிறதே. எங்கள் சர்ச் பெஞ்சு தேக்கு, பாஸ்டரின் பிரசங்கம் நீளம். பாட்டுக்கு எழுந்திருக்கச் சொல்வதற்காகவே நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை மெத்தையை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று பையில் வைத்தேன். கேட்டில் பிடித்துவிட்டார்கள்.

கம்பெனியில் சாயங்காலம் கேட் செக்கிங் உண்டு. ஒரு துண்டுத் தோல், ஒரு நூல்கண்டு வெளியே போகக் கூடாது. போனால் திருட்டு, திருட்டு என்றால் வேலை போகும். செக்யூரிட்டிக்காரர் மெத்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். என் பின்னால் எங்கள் லைன் பெண்கள், அந்தப் பக்கம் சோல் ஒட்டுகிற பிரிவின் ஆண்கள். எல்லோரும் பஸ்ஸுக்கு நிற்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னாம்மா இது?" என்றார் சூப்பர்வைசர்.

"உக்கார்றதுக்கு சார்."

"கம்பெனில ஸ்டூல் இல்லியா?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மூலம் என்று சொல்லியிருந்தால் கூட விட்டிருப்பார்கள். ஆனால் மெத்தை செக்யூரிட்டிக்காரர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது, திருடியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. சத்தமாகவே சொன்னேன்.

"கொழந்த பொறந்தப்ப கீழ வெட்டி தையல் போட்டாங்க சார். சரியா தைக்கல. ரெண்டு வருஷமா உக்கார முடியல. அந்த இடம் படக்கூடாதுன்னுதான் நடுவுல ஓட்டை."

செக்யூரிட்டிக்காரர் மெத்தையை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு நோட்டீஸ் போர்டைப் படிக்கத் தொடங்கினார். சோல் பிரிவு ஆண்களுக்குத் திடீரென்று எல்லோருக்கும் பஸ் வந்துவிட்டது. சூப்பர்வைசரின் காது சிவந்துபோனது. பொருளை வெளியே விட அனுமதி எழுதுகிற கேட் பாஸ் புத்தகத்தை அவசர அவசரமாகத் திறந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். பொருள் என்ற இடத்தில் 'ஸ்க்ராப் ஃபோம் ஒன்று' என்றும், திரும்பக் கொண்டுவர வேண்டியதா இல்லையா என்று கேட்கிற கட்டத்தில் 'நான்-ரிட்டர்னபிள்' என்றும் இருந்தது.

"ஸ்க்ராப் இல்ல சார், மெத்தைன்னு எழுதுங்க."

"போம்மா, பஸ் போய்டும்."

போய்விட்டேன். வேலை தப்பியது போதும் என்று அன்றைக்குத் தோன்றியது. வழியெல்லாம் அந்த ஸ்க்ராப் என்ற வார்த்தை மட்டும் கரித்துக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி என்னை ஓரமாகக் கூப்பிட்டு அந்த அட்டை அளவைக் கேட்டாள். அடுத்து இன்னொருத்தி. எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த மாதத்துக்குள் எங்கள் லைனில் பல ஸ்டூல்களில் வளையம் ஏறிவிட்டது. அதற்கு 'டயர்' என்று பெயரும் வந்துவிட்டது. டயர் போட்டவளைப் பார்த்து நேராக உட்கார் என்று சூப்பர்வைசர் அதற்குப் பிறகு சொன்னதே இல்லை. ஆனால் டயர் வலியை ஆற்றுகிற மருந்து இல்லை. வலியோடு உட்கார ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். இனி ஆறாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஊசி போன இடம், ஓட்டை விழுந்தது விழுந்ததுதான்.

இப்படியே வருடங்கள் போயின. பெண் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் ஓரம் சீவுகிற அக்கா வேலூரில் ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னார். அக்காவின் தங்கை அங்கே நர்ஸ். "ஆறாத புண்ணுக்கெல்லாம் புதுசா ஏதோ பண்றாங்களாம். நம்ம ரத்தத்தையே எடுத்து நமக்கே போடுவாங்களாம்" என்றார். கேட்க மந்திரவாதம் போல இருந்தது. ஆனாலும் லீவு போட்டேன்.

லாங் பஜாரில் கைவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் புகுந்து, ஒரு சந்துக்குள் போய், மாடி ஏறினால் கிளினிக். டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். என் பெயர் எழுதிய சீட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"எத்தன வருஷமா இப்படி ஒரு பக்கமா உக்கார்றீங்க?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பதினோரு வருடம். நர்சிங் ஹோம், வீடு, சர்ச், கம்பெனி. எத்தனை பேர் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், ஒருத்தர் கூட இதைக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

பரிசோதித்தார். தடித்த இடத்தைக் கொஞ்சம் வெட்டித் தளர்த்தலாம் என்றார். நான் எழுந்தேவிட்டேன். "பிரிச்சா ஓட்டை அப்படியேதான நிக்கும் டாக்டர்? இன்னும் மோசமாயிடாதா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. என் வேலையைச் சொன்னேன். ரிஜெக்ட் கூடையைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நீங்க தைக்கிறது செத்த மாட்டோட தோலும்மா. அதுல ஓட்டை ஆறாது. இது உங்க உடம்பு, உயிரோட இருக்கு. இன்னிக்கும் வளர்ந்துட்டுதான் இருக்கு. பக்கத்துல இருக்கிற சதைக்குக் கொஞ்சம் வேலை சொன்னா போதும்."

பதினோரு வருடம் நான் செய்திருந்த தப்பு இதுதான். என் உடம்பை நானே கன்வேயரில் வைத்து, பார்த்து, ரிஜெக்ட் என்று ஒதுக்கியிருந்தேன். ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவளைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பு செய்ய முடியாது.

புது வைத்தியத்தை விளக்கினார். கையிலிருந்து ரத்தம் எடுத்து மெஷினில் வேகமாகச் சுற்றுவார்கள். சிவப்பு கீழே தங்கும், மஞ்சள் மேலே நிற்கும். புண்ணை ஆற்றுகிற சமாச்சாரம் அந்த மஞ்சளில்தான் நிறைய இருக்கிறதாம். அதை ஊசியில் ஏற்றித் தழும்பைச் சுற்றிப் போடுவார்கள். "மூட்டுக்கும் ஆறாத கால் புண்ணுக்கும் போட்டுப் பாக்குறாங்க. இந்த இடத்துக்குப் போடுறது ரொம்ப புதுசு. எவ்ளோ சரியாவும்னு என்னால சொல்ல முடியாது. முழுசா சரியாயிடும்னு யாராவது சத்தியம் பண்ணா நம்பாதீங்க" என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனாலேயே அவரை நம்பினேன்.

வீட்டில் சொன்னேன். கணவர் தோல் ஷாப்பில், அதாவது பச்சைத் தோலைப் பதப்படுத்துகிற இடத்தில், வேலை செய்கிறவர். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் அந்தக் குரோம் மருந்தின் நீலம் போகாது. கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "இப்ப எதுக்கு இது? எனக்காகவா?" குரலில் கொஞ்சம் ஆசை கூட இருந்தது, பாவம்.

"இல்ல. எனக்கு. நான் உக்காரணும்."

கையைத் துண்டில் துடைத்தார். பிறகு, "நானும் வரட்டா?" என்றார்.

"வேணாம். பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்துடுவா, பாத்துக்கோங்க."

ஊசி போடுகிற அன்றைக்குக் கிளினிக் கவுன்ட்டரில் ஒரு சம்மத ஃபாரம் கொடுத்தார்கள். என் கையெழுத்துக்குக் கீழே 'கணவர் கையொப்பம்' என்று ஒரு கோடு. அவர் வரவில்லை என்றேன். "அப்போ இன்னிக்கு பண்ண முடியாதுங்க, அவர கூட்டிட்டு வாங்க" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"வெட்டினப்ப என்னையே யாரும் கேக்கலம்மா. அவருக்குன்னு ஒரு தையல் ஜாஸ்தி போட்டாங்க, அதுக்கும் என் கையெழுத்து கேக்கல. இப்ப என் ரத்தத்த எடுத்து எனக்கே போட அவரு கையெழுத்தா?"

நான் குரலைத் தாழ்த்தவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டாக்டர் உள்ளிருந்து வந்தார், ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார். அந்தக் கோட்டைப் பேனாவால் அடித்தார். "வீட்ல தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும். கேக்கல, சொல்லிட்டு வந்தேன்."

ரத்தம் சுற்றுகிற மெஷின், எங்கள் லைனில் பாபினில் நூல் சுற்றுகிற மெஷின் போடுகிற அதே சத்தத்தைப் போட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தைரியமாக இருந்தது. மரத்துப்போகிற ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு கண்ணாடி கேட்டேன். டாக்டர் ஒரு நொடி தயங்கிவிட்டுக் கொடுத்தார். பதினோரு வருடமாக என்னை ஆட்டிவைத்த அந்தத் தையலின் தழும்பை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இடைவெளி ஒரே அளவாக இல்லை, முடியும் இடத்தில் மடிப்பு.

"எங்க லைன்ல இப்படி தெச்சிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க டாக்டர்" என்றேன். டாக்டருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது, கூட நர்ஸும் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்தச் சிரிப்புக்கு எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

மரத்த பிறகும் வலித்தது, அதை மறைக்க மாட்டேன். அன்றைக்கே கெட்டியைக் கொஞ்சம் வெட்டித் தளர்த்தினார்கள். ஊசியை மாதம் ஒன்றாக மூன்று தடவை போட்டார்கள். நடுவில் தினமும் எண்ணெய் தொட்டு விரலால் நீவிவிடச் சொன்னார்கள். முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை, ஏமாந்துவிட்டோமோ என்று ஆத்திரமாக வந்தது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. புது ஊசியா, வெட்டித் தளர்த்தியதா, என் விரலா, எது வேலை செய்தது என்று டாக்டருக்கே நிச்சயமாகத் தெரியாது. மார்கழிக் குளிரில் இன்றைக்கும் அந்த இடம் இறுக்கிப் பிடிக்கும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்லி முடித்தபோதுதான், முழுப் பிரசங்கத்துக்கும் நான் நேராக உட்கார்ந்திருந்தேன் என்று தெரிந்தது. அன்றைய வசனம் என்ன என்று கேட்காதீர்கள்.

அப்புறம் பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்து வர ஆரம்பித்தது. வேறு ஏதோ ஊர் கிளினிக், அதே மாதிரி வைத்தியம். 'தாம்பத்தியத்தில் மீண்டும் புதுமை' என்று போட்டு, பல் தெரியச் சிரிக்கிற ஓர் ஆண் படம். அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"உக்கார முடியாதவங்களுக்குப் போடுவீங்களா?"

"மேடம், இது கப்பிள்ஸுக்கு. உங்க ஹஸ்பண்டோட வாங்க."

"ஏன், ஊசி அவருக்கா?"

போனை வைத்துவிட்டார்கள். மறுபடியும் அதே ஒரு தையல் ஜாஸ்தி, இப்போது கலர் படத்தோடு. நோட்டீஸைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அந்த வருடம் எங்கள் லைனில் ஒரு பெண் பிரசவ லீவு முடிந்து திரும்பி வந்தாள். வந்த அன்றைக்கே பார்த்துவிட்டேன், இடது தொடையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் பழைய டயரை எடுத்துக் கொடுத்தேன். வேலூர் டாக்டரின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். வீட்டிலும் உட்கார வேண்டுமே, எடுத்துப் போ என்றேன். அவள் கேட்டை நினைத்துப் பயந்தாள். நானே கூட நடந்தேன்.

அதே சூப்பர்வைசர். தலை முழுக்க நரைத்திருந்தது. வளையத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு கேட் பாஸ் புத்தகத்தைத் திறந்தார். 'ஸ்க்' என்று எழுதுவதற்குள் பக்கத்தின் மேல் கையை வைத்தேன்.

"இன்னா எழுதுறீங்க சார்?"

"எப்பவும் எழுதுறதுதாம்மா."

"பிரசவத் தையல் மெத்தைன்னு எழுதுங்க."

"ஆபீஸ்ல படிப்பாங்கம்மா."

"படிக்கட்டும்."

பின்னால் வரிசை நின்றது. பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். ஒருத்தியும் நகரவில்லை. அவர் எழுதினார். அழகாக, முழுசாக எழுதினார். பிறகு அடுத்த கட்டத்துக்கு வந்து, வழக்கம் போல நான்-ரிட்டர்னபிளில் டிக் போடப் போனார்.

"இல்ல சார்" என்றேன். "ரிட்டர்னபிள். ஆறினதும் கொண்டாந்து குடுத்துடுவா."